முகத்திற்கு ஒளி தரும் வெண்துணி

உச்சிவேளையில் மண்ணரைத் தெருவில் ஒருவரை நிறுத்திப் புகைப்படம் எடுப்போமாயின், நெற்றி பளபளக்கும். கண்களோ குழிகளில் இருண்டுவிடும். பின்னாளில் மக்களும் பேரரும் நோக்கி மகிழவேண்டிய முகம் இவ்வாறு மறைதல் தகுமோ?

இக்குறையைத் தீர்ப்பது ரிஃப்ளெக்டர் என்னும் கருவி. உருக்கு வில்வளையத்தில் துணி தைக்கப்பெற்ற இது, முறுக்கினாற் சிறு வட்டமாய் மடங்கும். ஒளி தரும் பரப்பு முகத்தினின்று நோக்கப் பெரிதாகத் தோன்றுந்தோறும் நிழலின் விளிம்பு மென்மையுறும். ஆதலின் எடுக்கப்படுபவரைத் திண்ணை நிழலில் அமர்த்தி, வெளியொளி ஒரு கன்னத்தில் விழச் செய்து, மறு கன்னத்தருகே, படத்திற்குள் வாராதபடி, வெண்பரப்பைப் பிடித்தல் வேண்டும். மோவாய்க்குக் கீழிருந்து ஒளி ஏற்றின் முகம் விகாரப்படும். வெள்ளிப்பரப்பு கண் கூசச் செய்யும், பொற்பரப்பு மஞ்சளேற்றும்.

1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்திற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, காசி வீட்டு முற்றமாக அமைத்த அரங்கின் மேலே வெண்துணி விரித்து, விளக்கொளியை அதிற் செலுத்தித் திருப்பிப் பகலொளியை ஒப்பச் செய்தார்.

வெளுத்த பனியன் துணி திருப்பூரில் அரிதோ? மூங்கிற் சட்டத்தில் அதனை இழுத்துக் கட்டினாற் போதும். சாயத்துணி ஆகாது, அதன் நிறம் முகத்திற் படியும். முதலில் நம் தாயர் முகத்தை எடுத்துப் பழகுவோமாக.