தண்டவாளம் மாறினால் வண்டி என்ன செய்யும்?

நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வருகிற பையன் ஒருவன், பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவன், சென்ற மாதம் வாடிய முகத்தோடு வந்து நின்றான். "தாத்தா, உபுண்டுவைப் புதுப் பதிப்புக்கு மாத்தினேன். அதுக்கப்புறம் என் பைதான் புரோகிராம் ஓடலை. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். கடைசியிலே டிஸ்க்கையே அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுட்டேன்" என்றான். "ப்ராஜெக்ட் என்னாச்சு?" என்று கேட்டேன். பதிலில்லை. மூன்று மாத உழைப்பு போய்விட்டது.

அழித்திருக்கவே வேண்டியதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அவன் எழுதிய கோப்பு ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. புரோகிராம் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இது நாளைக்கும் நேரலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1992-இல் இரயில்வே, பாதைகளையெல்லாம் ஒரே அகலமாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மீட்டர் கேஜ் பகுதியொன்றில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தேன். 1000 மில்லிமீட்டர் பாதையைப் பெயர்த்துவிட்டு 1676 மில்லிமீட்டர் பாதை போட்டோம். நேற்றுவரை ஓடிய வண்டிகள் இன்று அதில் ஓடா. வண்டியில் பழுதா? இல்லை. அடியிலிருந்த பாதை மாறிவிட்டது. பையன் விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04-உடன் கிடைப்பது பைதான் 3.10. 2024 ஏப்ரலில் வந்த 24.04-உடன் கிடைப்பது 3.12. நாம் ஒரு வேலைக்கு 'வென்வ்' என்னும் தனி அறையை அமைத்து, அதில் வேண்டிய துணைப் பொதிகளைப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? அந்த அறைக்குள் பைதான் முழுதாக இருப்பதில்லை. சிஸ்டத்திலுள்ள பைதானைச் சுட்டிக்காட்டும் ஒரு பலகைதான் இருக்கிறது. பொதிகளோ '3.10' என்று பெயரிட்ட அடைவுக்குள் இருக்கின்றன. அப்கிரேட் ஆனதும் பலகை பழையபடியே சுட்டுகிறது. ஆனால் அது காட்டும் இடத்தில் இப்போது நிற்பது 3.12. அது '3.12' என்ற அடைவில்தான் பொதிகளைத் தேடும். கிடைக்காது. உடனே 'அப்படியொரு மாட்யூல் இல்லை' என்று திரையில் வரும். பொதி கண்ணெதிரே இருக்க, இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

பழைய அடைவிலிருப்பதைப் புதியதற்கு நகல் எடுத்துப் போட்டால் போகிறது என்று சிலர் நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்து பார்த்தேன்! நம்பை போன்ற பொதிகளில் சி மொழியில் எழுதி இயந்திர மொழியாக்கிய பகுதிகள் உண்டு. அவை ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் தனித்தனி. கோப்பின் பெயரிலேயே '310' என்று இருக்கும். ஆகவே அறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் வழி. நீங்கள் எழுதிய கோப்புகள் அந்த அறைக்குள் இருந்தால் முதலில் அவற்றை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'வென்வ்' ஆணையை மறுபடி கொடுத்து, பொதிகளை மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். 'வென்வ்' வசதியே இல்லை என்று வந்தால், 3.12-க்குரிய வென்வ் பொதியை உபுண்டுவிலிருந்து நிறுவும்படி அந்தச் செய்தியே சொல்லும்.

எந்தெந்தப் பொதி இருந்தது என்று நினைவில்லையா? இடிக்குமுன் பழைய '3.10' அடைவுக்குள் சென்று பாருங்கள். 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் ஒவ்வோர் அடைவின் பெயரிலும் பொதியின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அதே பழைய பதிப்பு எண்களைப் பிடிவாதமாகக் கேட்கக் கூடாது. உதாரணமாக, நம்பை 1.26-க்கு முந்தியவை 3.12-ஐ ஏற்கா. 'டிஸ்ட்யூட்டில்ஸ்' இல்லை என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். 3.12-இல் அதை நீக்கிவிட்டார்கள். அறைக்குள் 'செட்டப்டூல்ஸ்' பொதியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பையன் தடுமாறியது இதற்கடுத்த படியில். அறைக்கு வெளியே நின்று 'பிப்' கொடுத்திருக்கிறான். 22.04-இல் அது நடந்தது. 24.04-இலோ, 'இந்த இடம் வேறொருவர் நிர்வாகத்தில் உள்ளது' என்று மறுத்துவிடும். கோபம் வந்து, பழைய 3.10-ஐ வெளியிலிருந்து வரவழைத்து, சிஸ்டத்தின் 'பைதான்3' என்ற பெயரையே அதற்கு மாற்றிவிட்டான். யாரோ அப்படிச் செய்யச் சொன்னார்களாம். மறுநிமிடம் டெர்மினல் திறக்கவில்லை. திறக்காதுதான். உபுண்டுவில் அந்த டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு பைதான் நிரல். சிஸ்டத்தைப் புதுப்பிக்கும் கருவிகள் சிலவும் அப்படியே. அவையெல்லாம் 3.12-ஐ நம்பியிருப்பவை. கேபின் லீவர்கள் ஸ்டேஷன் முழுதுக்கும் பொது. நம் ஷண்டிங் வசதிக்காக அவற்றின் இன்டர்லாக்கிங்கை மாற்ற எந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிப்பார்?

அப்போதும் டிஸ்க்கை அழிக்க அவசியமில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், 'எல்என்' ஆணையால் 'பைதான்3' என்பதை மீண்டும் 3.12-க்குத் திருப்பினால் போதும். அது கைவராவிட்டால், உபுண்டு பென் டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கி, கோப்புகளையாவது வெளியே எடுத்திருக்கலாம். பையனுக்கு இரண்டும் தெரியாது. பாடம் நடத்தும் நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. குறை என்னுடையதுதான்.

நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. அப்கிரேட் செய்யுமுன் 'பிப் ஃப்ரீஸ்' ஆணையால் பொதிப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து, புரோகிராம்களோடு சேர்த்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் களஞ்சியங்களை அப்கிரேட் தானாகவே நிறுத்திவிடும். அவை எவை என்றும் குறித்துக்கொண்டால், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட வசதியாக இருக்கும்.

பையன் இப்போது முதலிலிருந்து எழுதுகிறான். பாதி வந்துவிட்டது. அப்கிரேட் செய்யும் எண்ணமுள்ளவர்கள், செய்வதற்கு முந்தின ஞாயிறு மெஷினை வகுப்புக்குக் கொண்டுவந்தால் பட்டியல் எடுக்க உதவுகிறேன்.