டீசல் செலவு: மணிக்கா, ஏக்கருக்கா?

டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயிகள் மணிக்கு எத்தனை லிட்டர் என்றே கேட்கின்றனர். அது மட்டும் போதாது.

மணிக்கு 4 லிட்டர் செலவில் 1 ஏக்கர் உழும் வண்டிக்கு ஏக்கருக்கு 4 லிட்டர் ஆகிறது. மணிக்கு 3.5 லிட்டர் மட்டுமே குடித்து, அதே ஆழத்தில் 70 சென்ட் உழும் வண்டிக்கோ 5 லிட்டர் (3.5 ÷ 0.70). மலிவாகத் தோன்றியதே செலவு மிக்கது!

மத்தியப் பிரதேசம் புத்னி பரிசோதனை நிலைய அறிக்கைகளில் எக்டர் கணக்கும் உண்டு. அதை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கர் கணக்கு கிடைக்கும்.

சொந்த வண்டியானால், சமதரையில் நிறுத்தி டாங்கை நிரப்பி, ஓர் ஏக்கர் உழுதபின் அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஊற்றிய அளவே ஏக்கர் செலவு. வரப்போரம் திரும்பியதும் இதில் அடங்கும். திருமங்கலம் கரிசலில் எடுத்த அளவு மேலூர்ச் செம்மண்ணுக்கு ஒத்துவராது.