கொதிக்கும் தூள்

கேள்வி: ஜிக் தூண்டிலின் ஈயத் தலைக்கு பவுடர் கோட்டிங் செய்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. ஃப்ளூயிட் பெட் வீட்டிலேயே செய்ய முடியுமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. டப்பாவில் தூள் இறுகிக் கிடப்பதுதான் கோளாறு. அடியிலிருந்து காற்று ஏறினால் அது தண்ணீர்போல இளகிவிடும்; இதுதான் ஃப்ளூயிட் பெட்.

2 அங்குல பிவிசி குழாயில் இரு துண்டுகள், ஒரு கப்ளிங், ஒரு மூடி போதும். மேல்துண்டின் அடிவாயில் காபி ஃபில்டர் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போர்த்தி, கப்ளிங்குக்குள் அழுத்துங்கள். கப்ளிங்கின் மறுபக்கத்தில் கீழ்த்துண்டைச் செருகி, அதன் அடியை மூடி, பக்கத்தில் துளையிட்டு, மீன்தொட்டி ஏர் பம்பின் குழாயைச் செருகுங்கள். இடையில் ஒரு வால்வு கட்டாயம் வேண்டும்.

மேல்துண்டில் பாதிக்கும் குறைவாகத் தூள் போடுங்கள். காற்றைத் திறந்ததும் பரப்பு மெல்லத் தளதளக்க வேண்டும். ஒரே இடத்தில் பீய்ச்சினால் தாள் கிழிந்திருக்கும், அல்லது தூள் கட்டி தட்டியிருக்கும், சலித்துப் போடுங்கள். வாய்க்கு மேலே புகைந்தால் காற்றைக் குறையுங்கள்.

ஈயத்தை ஹீட் கன்னில் சீராகச் சூடாக்கி, ஒரு விநாடி முக்கி எடுங்கள். பளபளத்தால் சூடு சரி, சொட்டினால் அதிகம், மங்கலாக இருந்தால் குறைவு. நரம்பு கட்டும் கண்ணைக் குத்திச் சுத்தம் செய்தபின், ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட்டெடுங்கள். தூள் டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

சுடுவதற்குச் சமையல் ஓவனைத் தொடாதீர்கள். இதற்கென்று பழையது ஒன்று வாங்குங்கள். முகக்கவசம் அணியுங்கள். பறக்கும் தூள் தீப்பிடிக்கக்கூடியது. ஹீட் கன் எட்டியே இருக்கட்டும்.