வினாவுக்குப் பின்னுள்ள தேவை

நூலகத் தொழிலில் நான் காலடி வைத்த புதிதில், "சட்டப் புத்தகம் ஏதாவது இருக்குங்களா ஐயா?" என்று தயங்கியபடி வந்து நின்ற முதிய விவசாயி ஒருவருக்குச் சட்ட நூல்கள் அடுக்கிய அலமாரியைச் சுட்டிக்காட்டிவிட்டு, கடமை நிறைவேறிய திருப்தியோடு அட்டவணைச் சீட்டுகளை எழுதத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் கனத்த நூல்களைப் புரட்டிவிட்டு அவர் வெறுங்கையோடு படியிறங்கியபோது, மனம் கேளாமல் பின்தொடர்ந்து விசாரித்தேன். காலஞ்சென்ற தந்தையின் பெயரிலிருந்த பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள மனு எழுதும் விதம் ஒன்றே அவருக்கு வேண்டியிருந்தது.

கணித ஆசிரியராயிருந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருந்த நான், சட்டென்று விடை சொல்வதே சேமிப்பு என்று கருதி, அந்த எளிய மனிதரின் ஒரு மணி நேரத்தை விரயமாக்கியிருந்தேன். ஆதலால், புதிதாக இப்பணிக்கு வரும் இளைஞர்களுக்கு என் முதல் விண்ணப்பம்: நூலைத் தேடி எழுவதற்கு முன், "என்ன காரியமாகப் பார்க்கிறீர்கள்?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் சொல்ல விரும்பாவிடில் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாவது, அட்டவணை வாசகர் தேடும் வழியிலே அமைய வேண்டும். குடும்பப் பெயரை முன்வைக்கும் மேனாட்டு மரபு, தலைப்பெழுத்தோடு இயற்பெயர் வழங்கும் நமக்குப் பொருந்தாது. புதுமைப்பித்தனைத் தேடி வருகிறவருக்குச் சொ. விருத்தாசலம் என்ற அந்த எழுத்தாளரின் இயற்பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் 'காண்க' சீட்டை எழுதச் சோம்பக்கூடாது. கணினி வந்த பின்னரும் இச்சிரமம் தீரவில்லை. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிகையில் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதினால், கண்ணெதிரே உள்ள நூலும் இல்லையென்றே திரை சொல்லும்.

மூன்றாவது, இடம் மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்த நூலுக்குச் சமம். தினந்தோறும் காலையில் கதவு திறக்குமுன் ஓர் அலமாரியையேனும் எண் வரிசைப்படி சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, விடையளிக்க இயலாத வினாக்களுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த விவசாயிக்கு உதவும் நூல் எங்களிடம் இல்லை. தாலுகா அலுவலகத்து எழுத்தரிடம் விவரம் கேட்டே அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே என் நோட்டில் முதல் வரியாகப் பட்டா மாறுதலைக் குறித்தேன். அடுத்த ஆண்டு நூல் கொள்முதலுக்குப் பட்டியல் தயாரிக்கையில், பதிப்பகங்களின் விலைப்பட்டியலைத் திறக்குமுன் அந்த நோட்டைத்தான் திறந்தேன்.