மாத்திரைக்கு முன் ஓர் எக்ஸ்ரே

காசநோய் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நோயாளியின் வீட்டாருக்கு அதைத் தினமும் எடுத்துச் சொல்வதே அவர்கள்தான். அதே மாத்திரையைத் தாங்கள் விழுங்கும்போதுதான் இடறுகிறார்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அடுத்தவரிடம் கேட்கும் கேள்விகளைத் தங்களிடம் கேட்டுக்கொள்வதில்லை. எனவே, முதல் நாளிலிருந்தே இன்னொரு மருத்துவரிடம் சீட்டுப் போட்டு, நோயாளியாகவே போய் உட்காருங்கள்.

முதல் படி, தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது. குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி ஊசி மாண்டூ பரிசோதனையைக் குழப்பலாம். இக்ரா ரத்தப் பரிசோதனையைக் குழப்பாது. கிடைத்தால் இக்ராவையே எடுங்கள். பணியில் சேர்ந்தபோது வந்த முடிவைத் தொலைக்காதீர்கள். அன்று நெகட்டிவ், இன்று பாசிட்டிவ் என்றால் தொற்று புதிதாக இருக்க வாய்ப்பு அதிகம். அது நோயாக மாறும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிகுதி என்பதால் சிகிச்சையின் பலனும் புதிதாகத் தொற்றியவர்களுக்கே கூடுதல். சிகிச்சை முடிந்தபின் இந்தப் பரிசோதனையைத் திரும்ப எடுப்பது வீண்செலவு; பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே வரும்.

இரண்டாம் படியில்தான் அவசரப்படுகிறார்கள். பாசிட்டிவ் என்ற முடிவு, கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று சொல்லாது. உறங்கும் நிலையில் கிருமிகள் சொற்பம். ஒன்றிரண்டு மருந்து போதும். நோயாகிவிட்டால் அவை கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அப்போது ஐசோநியாசிட்டை மட்டும் கொடுத்தால், அதற்கு மசியாத சில கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். தடுப்பு சிகிச்சை மருந்து எதிர்ப்பை வளர்க்கும் என்ற அச்சத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத் தொடங்கினால் அந்த அச்சத்துக்குப் பெரிதாக இடமில்லை. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் வேறொருவர் கேட்கட்டும். நீங்களே கேட்டால் இருமலுக்கு ஏசியையும் எடைக் குறைவுக்கு நைட் டியூட்டியையும் காரணம் காட்டிவிடுவீர்கள். எக்ஸ்ரேயை வராந்தா ஜன்னலில் தூக்கிப் பிடித்து, போகிற நண்பரிடம் "ஓகேதானே?" என்று கேட்பது பரிசோதனை ஆகாது, எழுத்தில் அறிக்கை வேண்டும். அறிகுறியோ நிழலோ இருந்தால் சளியை மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை மாத்திரை வேண்டாம்.

மூன்றாம் படி, மருந்தைத் தேர்வது. தினமும் 6 மாதம் ஐசோநியாசிட் ஒரு வழி. வாரம் ஒருமுறை 12 வாரம் ஐசோநியாசிட்டுடன் ரிபாபென்டின் மற்றொன்று. 2011இல் வெளியான பெரிய ஆய்வில், 9 மாத ஐசோநியாசிட்டை 69 சதவீதம் பேர் முடித்தார்கள், வாராந்தர முறையை 82 சதவீதம் பேர். ஷிஃப்ட் மாறும் ஆளுக்கு வாராந்தரம்தான் சரி. மாத்திரை போடும் நாளை வார விடுப்போடு கட்டாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். புதன் என்றால் புதன்தான். கர்ப்பிணிகளுக்கு வாராந்தர முறை வேண்டாம். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைத்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம். குமட்டலோடு கண் மஞ்சளித்தால் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள்.

"மறுபடி தொற்றத்தானே போகிறது, எதற்கு இது?" என்பது நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களுக்குப் பெருமளவில் ஐசோநியாசிட் கொடுத்த ஆய்வு 2014இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் நோய் பாதிக்கு மேல் குறைந்தது. நிறுத்தியதும் பாதுகாப்பு போய்விட்டது. மருந்து வேலை செய்கிறது, ஆனால் தொற்று ஓயாத இடத்தில் அது தனியாக நிற்காது என்றே இதை வாசிக்க வேண்டும். வார்டு ஜன்னலைத் திறப்பதும், இருமுபவரை வரிசையிலிருந்து பிரித்து உட்காரவைப்பதும், என்95 முகக்கவசமும் சிகிச்சையின் பகுதிகளே. வாராந்தர மருந்தின் எட்டாவது வாரத்தில் இருமல் தொடங்கினால், இன்னும் நாலு வாரம்தானே என்று இழுக்காமல் இரண்டாம் படிக்கே திரும்புங்கள்.