உணவுக்குழலிற் கரந்துறையும் புற்றுநோய்

உண்டபின் நெஞ்சு எரியுமாயின் சிறிது சுக்குநீர் அருந்தி அமைவார் நம்முட் பலர். அவ்வெரிச்சல் பெரும்பாலும் தீங்கற்றதே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அது நீடிக்குமாயின் உணவுக்குழலின் அடிப்பகுதியில் நிகழக்கூடிய மாறுதலொன்றுண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உணவுக்குழலின் உட்புறம், தட்டையான உயிரணுக்கள் பல அடுக்காய் அமைந்த வெளிறிய தோலால் மூடப்பட்டுள்ளது. இரைப்பையின் அமிலம் மேனோக்கிப் பொங்கி ஓயாது அதனைச் சுடுங்கால், சிலர்க்கு அத்தோல் அழிந்து, தூண்வடிவ உயிரணுக்களாலாய செந்நிறத் தோல் அவ்விடத்து வளர்கின்றது. இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அறுவை வைத்தியராயிருந்த நார்மன் பாரெட் 1950-இல் இதனைக் குறித்து எழுதினார். ஆனால் அது நெஞ்சினுள் மேலிழுக்கப்பட்ட இரைப்பையே என்று அவர் சாதித்தார். 1953-இல் அல்லிசன், ஜான்ஸ்டன் என்னும் இருவர் அஃது உணவுக்குழலே என நிறுவினர். 1957-இல் பாரெட்டும் அதற்கு உடன்பட்டார். முதலில் மறுத்தவர் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்குதல் வியப்பன்றோ!

இப்புதுத் தோலில் அமிலம் முன்போல் உறைப்பதில்லை. எரிச்சல் தணிந்தது கண்டு நோய் நீங்கியதென மகிழ்வாரும் உளர். அதன்கண் தோன்றும் புற்றும் நெடுநாள் வாய் திறவாது. குழல் நெகிழுந் தன்மையுடையதாதலின், உட்டுளை பெரிதுஞ் சுருங்கிய பின்னரே சோறு சிக்கத் தொடங்கும். அதற்குள் நோய் வேரோடிவிடுதல் உண்டு. ஆதலின் குறி தோன்றுமுன் தேடுதல் வேண்டும். நம் நாட்டில் மிகுதியாய்க் காணப்படுவதோ தட்டை உயிரணுக்களிலேயே தோன்றும் வேறொரு வகை. அதனை இதனோடு மயங்கலாகாது.

தேடுதல் எளிதன்று. எண்டாஸ்கோப் என்னும் குழாயை வாய்வழிச் செலுத்தி நோக்கினும், உயிரணுக்கள் ஒழுங்கு குலையத் தொடங்கிய இடம் கண்ணுக்கு ஏனைய இடம் போலவே தோன்றக்கூடும். எனவே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை, நாற்புறமும் சிறு துணுக்குகளைக் கிள்ளியெடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்வர். கிள்ளாது விட்ட இடமே மிகுதி என்பது வெளிப்படை. இக்குறை தீர்க்க உதவுவது வினிகரிலுள்ள புளிப்பே! நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தெளிக்க, மாறிய தோல் முழுதும் வெளுக்கின்றது. கேடுற்ற இடமோ வெண்மை நீங்கி விரைவிற் சிவக்கின்றது. இந்நிலையிற் கண்டால் அப்பகுதியை மட்டும் குழாய்வழியே அரிந்தோ வெப்பத்தாற் சுட்டோ நீக்கலாம். உணவுக்குழலையே அறுத்தெடுக்க நேராது.

எனின், அனைவரையும் அடிக்கடி நோக்குதல் தகுமோ? 2011-இல் வெளிவந்த டென்மார்க்கு நாட்டு ஆய்வின்படி, இந்நிலையுடையார் ஆயிரவருள் ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய ஒருவர்க்கே புற்று உண்டாகின்றது. 2025-இல் வெளியான பிரிட்டானிய ஆய்வொன்றும், இரண்டாண்டிற்கு ஒருமுறை நோக்கப்பட்டோர்க்கும் தேவை நேர்ந்தபோது மட்டும் நோக்கப்பட்டோர்க்கும் ஆயுளில் வேற்றுமை கண்டிலது. ஒழுங்கு குலைந்தாரையும், மாறிய தோல் நீண்டு பரந்தாரையும் அடுத்தடுத்து நோக்கி, ஏனையோரை வீணே அஞ்சுவியாது விடுதலே நேரிது என்பது எம் கருத்து.

அதனினும் பெரிய இடர், இந்நிலையுடையாருட் பெரும்பாலார் தம் நிலையையே அறியாமை. இதற்கெனக் கேம்பிரிட்ஜில் ரெபெக்கா பிட்ஸ்ஜெரால்டு அம்மையார் ஒரு கருவி அமைத்தனர். நூல் கட்டிய மாத்திரையை நீருடன் விழுங்க, சில நிமிடங்களில் அதன் உறை இரைப்பையிற் கரைந்து, உள்ளடங்கிய பஞ்சு விரிகின்றது. நூலைப் பற்றி இழுக்குங்கால் அது குழல் நெடுக உராய்ந்து உயிரணுக்களைத் திரட்டி வருகின்றது. 2020-இல் வெளியான சோதனையில், இப்பஞ்சு அளிக்க முன்வந்த கூட்டத்தார் 6,834 பேருள் 140 பேர்க்கும், வழக்கமான முறையில் விடப்பட்ட 6,388 பேருள் 13 பேர்க்கும் பாரெட் நிலை கண்டறியப்பட்டது. விழுங்க வந்தோர் 1,750 பேர். அவருள் 1,654 பேர் இடரின்றி விழுங்கினர்.