பெரியவர்கள் கைகாட்டினால் ஓட்டு விழுமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் பிரபலங்களின் ஆதரவு அறிவிப்புகளும் வரிசைகட்டி வரும். யார் யார் பக்கம் என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. அதை வைத்து வெற்றி தோல்வியைக் கணித்துவிடுபவர்களும் உண்டு. அந்தக் கணிப்புகளின் அடியில் கிடக்கும் சில நம்பிக்கைகள், நடந்த தேர்தல்களோடு வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை.

நம்பிக்கை: பெரிய நட்சத்திரம் ஆதரவு தெரிவித்தால் ரசிகர்களின் ஓட்டு அப்படியே திரும்பும்.

2024 செப்டம்பர் 10 இரவு, கமலா ஹாரிஸ் – டொனால்ட் டிரம்ப் விவாதம் முடிந்த கையோடு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்து இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். வாக்காளராகப் பதிவு செய்ய வழிகாட்டும் அரசு இணையதளத்துக்கு ஓர் இணைப்பும் கொடுத்தார். ஒரே நாளில் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் பதிவு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இது சின்ன விஷயமல்ல. அப்படியும் நவம்பரில், அதிபரைத் தீர்மானிக்கும் எலக்டோரல் வாக்குகளில் டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226.

ஸ்விஃப்டின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருளல்ல. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்திலேயே கட்சியின் பெயரும் இருக்கிறது. குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா என்பதில் பெரும்பாலான அமெரிக்கர்கள் வெகுகாலத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டவர்கள். பாட்டை ரசிப்பவர்கள் அதற்காகக் கட்சி மாறுவதில்லை. பிரபலத்தால் செய்ய முடிவது, ஏற்கெனவே தன் பக்கம் இருந்தும் சோம்பிக் கிடப்பவரைப் பதிவு செய்ய வைப்பது.

அப்படியானால் 2008-இல் ஓப்ரா வின்ஃப்ரே? அவருடைய ஆதரவால் பராக் ஒபாமாவுக்கு ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டு கூடுதலாகக் கிடைத்தது என்று கிரெய்க் கார்த்வெயிட், டிமோதி மூர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஓப்ராவின் பத்திரிகையும் அவர் பரிந்துரைத்த புத்தகங்களும் எந்தெந்த வட்டாரங்களில் அதிகம் விற்றன என்று பார்த்து, அங்கே ஒபாமா வாங்கிய ஓட்டோடு ஒப்பிட்டார்கள். இந்த எண்ணிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலின் கணக்கு. ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஒரே கட்சி, கொள்கையிலும் பெரிய தூரமில்லை. கட்சிப் பெயர் வழிகாட்டாத இடத்தில்தான் ஓப்ராவின் சொல் எடுபட்டது.

நம்பிக்கை: பிரைமரியில் கட்சியின் பெருந்தலைகள் யார் பக்கமோ, வெற்றியும் அவர் பக்கம்.

2003 டிசம்பரில், முந்தைய அதிபர் தேர்தலின் வேட்பாளரான அல் கோர், ஹோவர்ட் டீனுக்குக் கைகொடுத்தார். அடுத்த மாதமே ஐயோவாவில் டீன் மூன்றாம் இடத்துக்குப் போனார். 2008-இல் மாசசூசெட்ஸின் செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ஜான் கெரி, ஆளுநர் டெவல் பேட்ரிக் மூவரும் ஒபாமாவுக்காக நின்றார்கள். அந்த மாநிலத்தில் ஜெயித்தவர் ஹிலாரி, அதுவும் 15 சதவீத வித்தியாசத்தில்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2020-இல், தெற்குக் கரோலினாவில். ஐயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று ஜோ பைடன் சரிந்துகொண்டிருந்தார். தெற்குக் கரோலினாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்கள் பெரிதும் மதிக்கும் தலைவர் ஜிம் கிளைபர்ன், 1993 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். யாருக்கு ஆதரவு என்று அவர் வெளியே சொல்லாமலே இருந்தார். ஓர் இறுதிச் சடங்குக்காகத் தேவாலயத்துக்குப் போனபோது, அங்கிருந்த முதிய பெண்மணி ஒருவர் அவரைக் கிட்டே அழைத்து, யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள் என்று காதோடு கேட்டாராம். பைடனுக்கு என்றதும், இதை ஊரறியச் சொல்லுங்கள், மக்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றாராம். பின்னாளில் இதைச் சொன்னவர் கிளைபர்ன்தான்.

பிப்ரவரி 26-ஆம் தேதி, ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவர் அறிவித்தார். பைடன் ஏறத்தாழ 49 சதவீத ஓட்டு வாங்கினார். அடுத்த இடத்தில் வந்த பெர்னி சாண்டர்ஸுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 சதவீதம். வாக்களித்துவிட்டு வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், கிளைபர்னின் சொல் தங்களுக்கு முக்கியமாக இருந்தது என்றார்கள். அந்தப் பாதியை அப்படியே கிளைபர்ன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அங்கே பைடன் முன்பிருந்தே முன்னணியில் இருந்தார். சொல்லாவிட்டாலும் அவருக்கே போட்டிருக்கக் கூடியவர்கள் நிறைய. ஆனால் தோற்கிற குதிரையோ என்று தயங்கி நின்றவர்களுக்கு, தங்களில் ஒருவர் சரியான நேரத்தில் சொன்ன சொல் தெம்பு கொடுத்தது. கோரையும் கென்னடியையும்விட கிளைபர்ன் பெரிய பெயர் அல்ல; அவர்களுக்கு அமையாத நெருக்கமும் நேரமும் அவருக்கு அமைந்தன.

அடுத்து பீட் பூட்டஜஜும் ஏமி குளோபுஷாரும் போட்டியிலிருந்து விலகி பைடனை ஆதரித்தார்கள். மறுநாள் வாக்களித்த 14 மாநிலங்களில் 10 அவர் பக்கம் வந்தன. வெறும் ஆதரவு வேறு. களத்தைக் காலி செய்துவிட்டுத் தரும் ஆதரவு வேறு.

நம்பிக்கை: தொழிற்சங்கம் முடிவெடுத்தால் உறுப்பினர்கள் பின்னால் வருவார்கள்.

2024-இல் டீம்ஸ்டர்ஸ் சங்கம் யாரையும் ஆதரிக்கவில்லை. அது வெளியிட்ட கருத்துக்கணிப்பில் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் டிரம்ப் பக்கம் இருந்தார்கள். அங்கே தலைமைதான் உறுப்பினர்களைப் பார்த்து நடந்துகொண்டது.

நம்பிக்கை: பத்திரிகைத் தலையங்கத்தை இனி யாரும் மதிப்பதில்லை, அதனால் அதை நிறுத்துவதில் நஷ்டமில்லை.

2016-இல் அதிகம் விற்கும் 100 நாளிதழ்களில் 50-க்கும் மேற்பட்டவை ஹிலாரியை ஆதரித்தன. டிரம்பை ஆதரித்தவை இரண்டே. நாடு முழுக்க எண்ணினால் ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம், ஆனால் எலக்டோரல் வாக்குகளில் முந்தி அதிபரானவர் டிரம்ப். தலையங்கம் பயனற்றது என்பதற்கு இதையே சாட்சியாக்குகிறார்கள். சுன்-ஃபாங் சியாங், பிரயன் நைட் இருவரும் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. எப்போதும் ஒரே கட்சியைத் தூக்கிப்பிடிக்கும் பத்திரிகை மறுபடியும் அதையே செய்தால் வாசகர் அசைவதில்லை. வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கத்தை ஆதரித்தால் அசைகிறார்கள். எதிர்பார்த்ததைக் கேட்டால் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை அல்லவா?

இந்தக் கணக்குப்படி, தலையங்கம் மிகவும் உதவக்கூடியது உள்ளூர்த் தேர்தல்களில்தான். மாநகர நிர்வாகத்துக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் நிற்பவர்களை நேர்காணல் செய்து, விசாரித்து எழுத ஓர் ஆசிரியர் குழுவால் முடியும். வேலைக்குப் போய்வரும் வாக்காளரால் முடியாது. ஆனால் 1960 முதல் எல்லா அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே ஆதரித்துவரும் நியூயார்க் டைம்ஸ், 2024 ஆகஸ்டில் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு, நியூயார்க்கின் உள்ளூர்த் தேர்தல்களுக்கு ஆதரவு எழுதுவதைக் கைவிட்டது. தன் சொல் தேவைப்படும் இடத்தை விட்டுவிட்டு, தேவைப்படாத இடத்தைப் பிடித்துக்கொண்ட தவறான முடிவு அது.